இன்ஜின் சத்தமும் திருக்குறுங்குடிக்காரரும்: டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் இருந்த மனிதர்

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பியிருக்கிறீர்கள். மதுரை தாண்டி, கோவில்பட்டி தாண்டி, கயத்தாறு வரும்போது பானெட்டுக்குள் இருந்து டக், டக் என்று ஒரு சத்தம். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்கிறீர்கள். சத்தம் நிற்கவில்லை. இன்னும் 30 கிலோமீட்டர்தானே, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் ஓட்டிக்கொண்டு போவோம்.

இதே சத்தம் நூறு வருடத்துக்கு முன்பு ஒரு பஸ்ஸில் கேட்டால் என்ன ஆகும்? இழுத்துப்போக வண்டி இல்லை. செல்போன் இல்லை. அடுத்த ஊரில் மெக்கானிக் என்ற ஆளே கிடையாது. உள்ளே கோர்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் பரீட்சைக்கும் போகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சத்தத்தை சாலையில் கேட்கக் கூடாது, ஷெட்டிலேயே கேட்டுச் சரிசெய்துவிட வேண்டும் என்ற எண்ணத்தின் மேல் ஒரு பெரிய தொழிலைக் கட்டியவர் நம்ம நெல்லைச் சீமைக்காரர். அவர்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

யார் இந்த டி.வி.எஸ்.?

டி.வி.எஸ். என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மொபெட்தான். ஆனால் டி.வி.எஸ். 50 சாலைக்கு வந்தது 1980இல். அந்தப் பெயருக்கு உரியவர் அதற்கு 25 வருடம் முன்பே காலமாகிவிட்டார். தன் பெயரில் ஓடிய ஒரு மொபெட்டைக்கூட அவர் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் பஸ், லாரி, கார், அவற்றைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்.

மூன்று எழுத்தில் முதல் எழுத்து ஒரு ஊரின் பெயர்: திருக்குறுங்குடி. திருநெல்வேலியிலிருந்து தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். களக்காட்டுக்கும் வள்ளியூருக்கும் நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், நம்பியாற்றின் கரையில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான அழகிய நம்பி கோயில் இங்கேதான். அந்த ஊரில் 1877 மார்ச் 22 அன்று பிறந்தார் சுந்தரம்.

அது சென்னை மாகாணத்தையே உலுக்கிய பெரும் பஞ்சத்தின் காலம். போக்குவரத்திலும் ஒரு திருப்பம் நடந்திருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் ரயில் 1876இல்தான் வந்து சேர்ந்தது. அதற்கும் முன்பு, 1843இல், பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைக்கத் தாமிரபரணியின் குறுக்கே சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டியிருந்தார். பாலம் வந்தது, ரயிலும் வந்தது. ஆனால் ஸ்டேஷனில் இறங்கி மலை அடிவார ஊருக்குப் போக மாட்டு வண்டிதான். மணிக்கு 4 கிலோமீட்டர் கணக்கு வைத்தால் 45 கிலோமீட்டருக்கு 11 மணி நேரம் ஆகும். மாடு இளைப்பாறும் நேரம் தனி. ரயில் போகாத ஊருக்கு எப்படிப் போவது என்ற கேள்வி சுந்தரத்துக்கு வீட்டு வாசலிலேயே இருந்தது.

நல்ல வேலையை விட்டுவிட்டு பஸ்ஸா?

அவர் எடுத்தவுடனே பஸ் முதலாளி ஆகிவிடவில்லை. முதலில் வக்கீல் தொழில். பிறகு ரயில்வேயில் வேலை. அதற்கப்புறம் வங்கியில் வேலை. அந்தக் காலத்தில் படித்த குடும்பங்கள் ஆசைப்பட்ட மூன்று பாதைகளும் இவைதான். மூன்றிலும் இருந்துவிட்டு, மூன்றையும் விட்டார்.

1911இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்துக்கு மதுரையில் அஸ்திவாரம் விழுந்தது. அப்போது அவருக்கு 34 வயது. மனைவி, குழந்தைகள் என்று குடும்பம் இருந்த வயது. இன்றைக்கு ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஸ்டார்ட்-அப் தொடங்குகிறவர்கள் எதிர்கொள்கிற அதே பயம் அன்றும் இருந்திருக்கும். கூடுதலாக இன்னொரு சிக்கல்: அந்தத் தொழிலுக்கு முன்மாதிரியே இல்லை.

முன்மாதிரி இல்லை என்பதைவிட, கண் முன்னால் ஒரு எச்சரிக்கை இருந்தது. அதே திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த, அதே வக்கீல் தொழிலில் இருந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, அவரைவிட 5 வயது மூத்தவர். 1906இல் தூத்துக்குடியில் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908இல் சிறைக்குப் போனார். 1911இல் அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டது. நம் ஆட்கள் போக்குவரத்துத் தொழிலில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடத்தில்தான் சுந்தரம் ஐயங்கார் தன் கணக்கைத் தொடங்கினார். அவருடைய பாதை வேறு. கடலில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதுவது அல்ல, ரயில் போகாத தரையில் வண்டி விடுவது.

1912இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்து ஒரு தொழிலாக வளர்ந்த கதையை அங்கிருந்துதான் சொல்வது வழக்கம்.

அந்தக் காலத்துச் சாலையும் வண்டியும்

தார் சாலையை மறந்துவிடுங்கள். கல்லும் மண்ணும் போட்டு இறுக்கிய சாலை. அதில் மாட்டு வண்டிகள். மாட்டின் கால் லாடத்திலிருந்து ஆணிகள் கழன்று விழுந்து கிடக்கும். டயருக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால், காந்தம் கட்டிய வண்டி ஒன்றை அதே பாதையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கியெடுக்க வைத்தார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. சாலை அரசாங்கத்துடையது, ஆனால் பஞ்சர் ஆனால் நிற்கப்போவது தன் வண்டி என்று யோசித்த ஒருவரைப் பற்றித்தான் இப்படி ஒரு கதை கிளம்பும்.

வண்டியின் இன்ஜினும் இன்றைய இன்ஜின் மாதிரி இல்லை. கப்பலில் வந்து இறங்கிய இன்ஜின். உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போகும். அதன் அசைவைச் சுழலாக மாற்றுவது கனெக்டிங் ராட். அந்த ராட் கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் இடத்தில் ஒயிட் மெட்டல் பேரிங் இருக்கும். ஈயம் மாதிரி மென்மையான உலோகக் கலவை அது. எண்ணெய் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. எண்ணெய் குறைந்தாலோ அழுக்கானாலோ அந்த உலோகம் தேயும், சூடு ஏறினால் உருகும். அப்போது ராடுக்கும் கிராங்குக்கும் நடுவில் இடைவெளி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்பு இரும்பை அடிக்கும். அதுதான் கனமான டொக், டொக் சத்தம். அதைக் கேட்டும் ஓட்டினால் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அன்று ஒரு இன்ஜின் போனால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.

சத்தத்தை வைத்து எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அன்று ஸ்கேனர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. மெக்கானிக்கின் காதுதான் கருவி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஒவ்வொரு இடமாக வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி. எந்த இடத்தில் சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ, கோளாறு அதற்குப் பக்கத்தில்.

அடுத்த சோதனை, ஒவ்வொரு சிலிண்டராக அணைத்துப் பார்ப்பது. ஒரு பிளக்குக்கு மின்சாரம் போகாமல் தடுத்தால் அந்த சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. அப்போது டொக் சத்தம் குறைந்தால் கோளாறு அந்த சிலிண்டரின் ராடில்தான். மூன்றாவது, எப்போது சத்தம் வருகிறது என்று கவனிப்பது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரைத் தட்டுகிறது. சூடான பிறகு, பாரம் ஏறும்போது கேட்டால் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். மெல்லிய டிக் டிக் என்று, இன்ஜின் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில் வந்தால் டேப்பெட். ஏனென்றால் வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது ஒரு முறைதான் சுற்றும்.

இதெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதில்லை. ஒரே மாதிரி வண்டிகளைத் தினமும் திறந்து பார்க்கும் ஷெட்டில்தான் வரும். அப்படி ஒரு பழக்கம் கொண்ட மெக்கானிக்குகள் பெருகியது பஸ் கம்பெனிகளின் ஒர்க்‌ஷாப்புகளில்தான். தென் மாவட்டங்களில் டி.வி.எஸ்.ஸில் வேலை பழகியவர் என்றால் அதுவே ஒரு சர்டிபிகேட் மாதிரி பேசப்பட்டது.

பஸ்ஸைப் பார்த்து மணி சொன்ன காலம்

டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் சும்மா வரவில்லை. நேரம் தவறாமல் ஓட வேண்டுமானால் டிரைவர் வேகமாக ஓட்டினால் போதாது. வண்டி வழியில் நிற்கக் கூடாது. நிற்காமல் இருக்க, கெட்டுப்போன பிறகு பழுதுபார்ப்பது அல்ல, கெட்டுப்போவதற்கு முன்பே பார்க்க வேண்டும். எண்ணெயை நாள் கணக்கு வைத்து மாற்றுவது, பிரேக்கைத் தினமும் பார்ப்பது, டிரைவர் ஒரு புதுச் சத்தத்தைச் சொன்னால் அந்த வண்டியை அனுப்பாமல் நிறுத்திவைப்பது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். நிறுத்திவைத்த வண்டி அன்றைக்கு ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காது. ஓடாத வண்டியால் வரும் நஷ்டத்தையும், வழியில் நின்ற வண்டியால் போகும் பெயரையும் எடை போட்டு, முதல் நஷ்டத்தை ஏற்றுக்கொள்கிற முதலாளி இருந்தால்தான் இது நடக்கும்.

பஸ், லாரி இரண்டும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடின. வண்டி விற்பனை, உதிரி பாகம், பழுதுபார்ப்பு என்று தொழில் விரிந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் வண்டிகளை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. 1950களில் அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய விநியோகஸ்தராக வளர்ந்தது சுந்தரம் மோட்டார்ஸ். உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். வண்டியை விற்றவரே பாகமும் தருவார், ரிப்பேரும் செய்வார் என்ற நம்பிக்கைதான் விற்பனைக்குப் பலம்.

பெட்ரோல் இல்லாமல் பஸ் ஓடுமா?

இரண்டாம் உலகப் போர் இந்தத் தொழிலின் கழுத்தைப் பிடித்தது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. மலாயாவும் விழுந்தது, ரப்பருக்குத் தட்டுப்பாடு. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் கம்பெனிக்கு எரிபொருளும் இல்லை, டயரும் இல்லை.

சுந்தரம் ஐயங்காருக்கு அப்போது 60 வயதைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் அவர் பதில் தேடினார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போர்த்தி மீண்டும் ஓட்டும் ரீட்ரெடிங் தொழில். பெட்ரோலுக்குப் பதிலாக டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்.

கேஸ் பிளான்ட் என்றால் என்ன? ஒரு இரும்பு உருளையில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாகக் கொடுத்து எரிப்பார்கள். முழுசாக எரியாததால் கார்பன் மோனாக்சைடு வாயு உருவாகும், கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன். அந்த வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்பினால் பெட்ரோல் இல்லாமலே ஓடும். ஊரில் இதைக் கரி பஸ் என்பார்கள். உலகம் முழுக்கப் போர்க்காலத்தில் இந்த முறை பரவியது.

கேட்க எளிதாக இருந்தாலும், இன்ஜினுக்கு இது கடும் சோதனை. கரி வாயுவில் இன்ஜினின் சக்தி 30 முதல் 50 சதவீதம் வரை குறையும். மேட்டில் வண்டி திணறும். இந்த வாயு மெதுவாக எரிவதால் பொறி விழும் நேரத்தை முன்னால் தள்ளிவைக்க வேண்டும். அப்படித் தள்ளிய டைமிங்கோடு மறுபடி பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜின் கணகணவென்று நாக் அடிக்கும். வடிகட்டி சரியில்லை என்றால் சாம்பல் தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அரம் மாதிரி தேய்த்துவிடும், தார் வால்வில் ஒட்டும். வாயு கசிந்தால் ஆளுக்கே ஆபத்து. அதாவது, இன்ஜினின் ஒவ்வொரு புதுச் சத்தத்தையும் புரிந்துகொள்கிற ஷெட் இருந்தால் மட்டுமே கரி பஸ்ஸைத் தொடர்ந்து ஓட்ட முடியும். 30 வருடப் பராமரிப்புப் பழக்கம் கைகொடுத்தது அங்கேதான்.

வீட்டுக்குள் வந்த கேள்வி

தொழிலில் புதுசை ஏற்றுக்கொள்வது ஒன்று, வீட்டில் ஏற்றுக்கொள்வது வேறு. அவருக்கு ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். மகள் சௌந்தரம் 1904இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி சின்ன வயதிலேயே திருமணம். கணவர் சௌந்தரராஜன் ஒரு டாக்டர். 1925இல் பிளேக் நோய் பரவியபோது அவர் இறந்துபோனார். 21 வயதில் கணவரை இழந்த பெண்ணை ஒரு வைதிகக் குடும்பம் அன்று என்ன செய்திருக்கும் என்று நமக்குத் தெரியும். சௌந்தரம் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார், 1936இல் டாக்டர் ஆனார்.

காந்தியின் வட்டத்தில் ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். மறுமணம், அதுவும் சாதி தாண்டி. குடும்பத்தில் எதிர்ப்பு இருந்தது. ஒரு வருடம் தொடர்பில்லாமல் இருந்து மனம் மாறவில்லை என்றால் பார்க்கலாம் என்பது காந்தியின் யோசனை. மனம் மாறவில்லை. 1940இல் காந்தியின் முன்னிலையில் திருமணம் நடந்தது. 1947இல் இருவரும் சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சௌந்தரம் பின்னாளில் எம்.எல்.ஏ., எம்.பி., மத்திய துணை அமைச்சர்.

அதன் பிறகு?

தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய சுந்தரம் ஐயங்கார், 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். வயது 78.

அடுத்த சில வருடங்களில் குடும்பம் ஓட்டுவதிலிருந்து உற்பத்தி செய்வதற்கு நகர்ந்தது. 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும். சக்கரம், ஸ்டார்ட்டர், பிரேக் என்று எல்லாமே ஒரு காலத்தில் கப்பலுக்காகக் காத்திருந்த பாகங்கள்.

அவர் முதலில் தொடங்கிய பஸ் தொழில் மட்டும் குடும்பத்திடம் நிலைக்கவில்லை. பஸ்கள் அரசுடைமை ஆக்கப்பட்டபோது, 1972இல் டி.வி.எஸ். பஸ்களை எடுத்துக்கொண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அதிலிருந்து 1974இல் பிரிந்ததுதான் நெல்லையின் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். இன்று வண்ணார்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடும் அரசு பஸ்களின் வம்சாவளியில் திருக்குறுங்குடிக்காரரின் பஸ்ஸும் இருக்கிறது.

சரி, உங்கள் காரில் சத்தம் வந்தால்?

கயத்தாறுக்குத் திரும்புவோம். அன்றைய ஷெட்டின் பாடம் இன்றைக்கும் செல்லும்.

முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணையுங்கள். ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். வேகத்தோடு சேர்ந்து கனமான டொக், டொக் கேட்டாலும் அதேதான். இழுத்துப்போகும் செலவு புது இன்ஜினைவிட எப்போதும் குறைவு.

பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது மட்டும் கணகண என்று கேட்டால் நாக்கிங் ஆக இருக்கலாம். கியரைக் குறையுங்கள், ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிக்காதீர்கள். அடிக்கடி வந்தால் எரிபொருள், பிளக், சென்சார் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி அடங்கினால் பெல்ட். டிக் டிக் என்றால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிய பிறகும் சத்தம் தொடர்கிறதா என்று கேளுங்கள். பிளக்கைக் கழற்றிச் சோதிக்கும் பழைய முறையைப் புதிய கார்களில் நீங்களாகச் செய்ய வேண்டாம், எலெக்ட்ரானிக் பாகங்கள் கெட்டுவிடும்.

மெக்கானிக்கிடம் போகும்போது ஏதோ சத்தம் வருது அண்ணே என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிர்ந்திருக்கும்போதா சூட்டிலா, நிற்கும்போதா ஓடும்போதா, ஏசி போட்டாலா, மேட்டிலா என்று சொல்லுங்கள். போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து காட்டுங்கள். காரை ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தியதும் சத்தம் நின்றுபோவது எல்லாருக்கும் நடப்பதுதான்.